விறைத்துப்போன லெதர் ஜாக்கெட்டுக்கும் நெய்வேலி நிலக்கரிக்கும் உறவு உண்டு... தெரியுமா?

பீரோவில் விறைப்பாகத் தொங்கும் லெதர் ஜாக்கெட்டுக்கும், நெய்வேலியில் ராட்சதச் சக்கரம் வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரிக்கும் சொந்தபந்தம் உண்டு என்றால் நம்புவீர்களா? உண்டு! ஜெர்மனியில் ஆம்ஸ்டோர்ஃப் என்ற ஊரில் லிக்னைட்டிலிருந்து மெழுகு எடுக்கிறார்கள்! மான்டன் மெழுகு என்று பெயர். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த செடிகொடிகளின் மெழுகு அது. 80 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும்! போகிற இடம்? தோலைப் பளபளக்க வைக்கும் ஷூ பாலிஷ், அப்புறம் கார் பாலிஷ்! அந்தக் காலத்து டைப்ரைட்டர் கார்பன் பேப்பரில் இருந்ததும் இதுவே! (எல்லா ஊர் லிக்னைட்டிலும் அந்த அளவு மெழுகு இருக்காது. கடப்பாரையோடு கிளம்பிவிடாதீர்கள்!)

நெய்வேலியில் லெதர் ஜாக்கெட்டா என்று சிரிக்காதீர்கள். மார்கழி விடியலில் புல்லட்டில் விருத்தாசலம் வரை போய்வந்து பாருங்கள், தெரியும்! அந்த என்ஃபீல்டு புல்லட் 1955-லிருந்து நம் தமிழ்நாட்டில்தான் தயாராகிறது! சிக்கல் என்னவென்றால், மார்கழி முடிந்தால் ஜாக்கெட் பீரோவுக்குப் போய்விடும். அடுத்த மார்கழியில் எடுத்தால்? அப்பளம்!

ஏன் விறைக்கிறது தெரியுமா? தோல் என்பது கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி கொலாஜன் இழைகளின் பின்னல். இழைக்கும் இழைக்கும் நடுவே எண்ணெய்ப் பசை இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். பசை போனால் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் ரகசியம்! தண்ணீரும் உண்டு. வெட்டி எடுத்த நெய்வேலி லிக்னைட்டில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர் என்பது ஆச்சரியம் என்றால், தொட்டால் உலர்ந்திருக்கும் தோலிலும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு ஈரம் ஒளிந்திருக்கிறதே, அது?

இந்தத் தோலை மெத்தென்று ஆக்க மனிதன் என்னவெல்லாம் செய்தான் தெரியுமா? மூக்கைப் பிடித்துக்கொண்டு படியுங்கள். நாய்ப் பீ! ஆமாம், 19-ம் நூற்றாண்டு லண்டனில் தெருத்தெருவாக அதைப் பொறுக்கி, வாளிக் கணக்கில் தோல் பதனிடும் டேனரிகளுக்கு விற்றே பிழைத்தவர்கள் இருந்தார்கள்! ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் அவர்களைத் தேடிப் போய்ப் பேசி எழுதியே வைத்திருக்கிறார். அதற்குத் தரம் வேறு உண்டு! காய்ந்து சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் விலை கூடுதல்! சீமாட்டிகளின் மெல்லிய கையுறைகளும், பணக்காரர் வீட்டுப் புத்தக அட்டைகளும் இதில் ஊறி வந்தவைதான்!

இந்த நாற்றத்துக்கு முடிவு கட்டியவர் யார்? ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம்! அதில் வேலை செய்வது என்சைம்தான் என்று பிடித்தார். வெட்டிய மாடுகளின் கணையத்திலிருந்தே அதை எடுத்துவிடலாம் என்று 1907-ல் கம்பெனியே தொடங்கினார்! அதே கம்பெனி 1930-களில் இன்னொன்றையும் உலகத்துக்குக் கொடுத்தது. பிளெக்ஸிகிளாஸ்! நாய்ப் பீக்கு மாற்று தேடிய கம்பெனியிலிருந்து கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்! இதைவிட விசித்திரமான குடும்ப வரலாறு உண்டா?

ஆனாலும் மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில் தோலை ஊறப்போடும் புறா எச்சத்தொட்டிகள் இன்றும் இருக்கின்றன! ஆர்க்டிக் பனியில் இன்யூட் பெண்கள் தோலைப் பல்லால் மென்றே பதமாக்கினார்கள், பல் தேய்ந்துபோகும்! வட அமெரிக்கப் பழங்குடிகள் தடவியது என்ன? அந்தந்த விலங்கின் மூளை!

நம் ஊரில் இப்படி நாறவில்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, ஆவாரம்பூ, அந்தச் செடியின் பட்டைதான்! ஆவாரம் பட்டை ஊறிய நீரில் பதனிட்டு, நிறம் வெளிற கடுக்காய் போட்டு, மேலே புங்க எண்ணெய் தடவி, மதராஸ் துறைமுகத்திலிருந்து தோல் கப்பல் கப்பலாகப் போனது! சீமையில் அதற்கு 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்றே பெயர்.

குரோம்பேட்டையில் எப்படி 'குரோம்' வந்தது தெரியுமா? 1912-ல் அங்கே வந்த குரோம் லெதர் கம்பெனியால்! குரோமியம் உப்பில் ஊறிய தோல் முதலில் ஆகாய நீலமாகத்தான் வெளியே வரும். இன்று உலகத் தோலில் பெரும்பகுதி இந்த வழியில் வருவதுதான். சரியாகப் பதமாகியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள்? ஒரு துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள்! சுருங்கினால் தோல்வி. பட்டையில் பதனிட்ட தோலோ, நனைந்திருந்தால், தண்ணீர் கொதிப்பதற்கு முன்னாலேயே சுருண்டுவிடும்!

ஆகவே, நனைந்த ஜாக்கெட்டை வெயிலில் போடாதீர்கள். ஹேர் டிரையரும் வேண்டாம்! மின்விசிறிக் காற்று போதும். தூசியைத் துடைத்து, ஜாக்கெட்டின் உள்மடிப்பில் முதலில் சோதித்துப் பார்த்து, லெதர் கண்டிஷனரை மெல்லிசாகத் தடவி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் கையால் மடக்கி, நீட்டி, கசக்குங்கள். டேனரியில் இதற்கென்றே மெஷின் இருக்கிறது! முளைகள் படபடவென்று தோலைக் குத்தி இழுத்து இளக்கும்.

தேங்காய் எண்ணெய் தடவலாமே என்கிறீர்களா? 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும்! ஜாக்கெட் போடுவதே பாட்டிலில் எண்ணெய் உறையும் குளிருக்குத்தானே! போதாததற்குத் தோல் கறுத்துப்போகும், நாளடைவில் சிக்கு வாடை வேறு அடிக்கும்.

உறையாத கொழுப்பு மாட்டிடமே இருக்கிறது தெரியுமா? உடம்புக் கொழுப்பு கட்டியாக உறையும். முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பிலிருந்து எடுப்பது மட்டும் எண்ணெயாகவே நிற்கும்! குளிரில் நிற்கிற காலுக்கு இயற்கை செய்துகொடுத்த ஏற்பாடு! குதிரைச் சேணங்களை அந்த எண்ணெயில்தான் காலங்காலமாக இளக்கினார்கள்.

இதைக் கேளுங்கள்! 1786 டிசம்பர். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து இத்தாலிக்குப் போன 'மெட்டா கத்தரீனா' என்ற கப்பல் இங்கிலாந்தின் பிளிமத் அருகே புயலில் மூழ்கியது. உள்ளே கட்டுக்கட்டாகக் கலைமான் தோல்! 1973-ல் முக்குளித்தவர்கள் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய 187 வருடம் கடலடிச் சேற்றில்! வெளியே எடுத்துக் கழுவி, காயவைத்து, எண்ணெய் போட்டால்... தைக்கத் தயார்! பூர்ச்ச மரப்பட்டை எண்ணெய் ஊட்டிய தோல் அது. சேறும் காற்றை உள்ளே விடவில்லை. அந்தத் தோலில் புது ஷூக்களும் பைகளும் தைத்து விற்றார்கள்! நம் ஜாக்கெட் பீரோவில் ஒரு வருடம் தாங்கமாட்டேன் என்கிறது!

அது என்ன பிரமாதம்? 2008-ல் ஆர்மீனியக் குகையொன்றில் கிடைத்த தோல் செருப்புக்கு வயது 5,500! ஒரே மாட்டுத்தோல் துண்டில் செய்து, கயிறும் கோத்தபடி! காப்பாற்றியது எது? மேலே கெட்டித்துப் படிந்திருந்த ஆட்டுப் புழுக்கை!

கடைசியாக ஒன்று. ஜிப் வைத்த முதல் மோட்டார் சைக்கிள் ஜாக்கெட் 1928-ல் வந்தது. தைத்தவர் நியூயார்க்கின் இர்விங் ஷாட். 'பெர்ஃபெக்டோ' என்று தனக்குப் பிடித்த சுருட்டின் பெயரையே அதற்கு வைத்தார்! அன்றைய விலை? வெறும் ஐந்தரை டாலர்!