முகமா, கைத்திறனா?

அழகு சோறு போடுமா என்று நம் ஜனங்கள் கேட்பதுண்டு. உத்தியோக உலகில் அது போடத்தான் செய்கிறது. ஹாமர்மெஷ், பிடில் என்னும் அமெரிக்கப் பொருளாதார நிபுணர் இருவர் 1994-ம் வருஷம் வெளியிட்ட ஆராய்ச்சி, அந்நாட்டுப் பக்கத்தில் தோற்றப் பொலிவு குறைந்தவர்கள் சாதாரணத் தோற்றமுடையவர்களைக் காட்டிலும் நூற்றுக்கு 5 முதல் 10 வரை குறைவாகச் சம்பாதித்ததைக் காட்டிற்று. பொலிவு குறைந்தவர் கதியே இதுவானால், நோயினால் முகம் சிதைந்தவர் கதி யாது?

இக்கேள்வி நெய்யூர்ப் பக்கத்தாருக்குப் புதிதன்று. 1838-ல் லண்டன் மிஷனார் அவ்வூரில் வைத்தியத் தொண்டைத் தொடங்கினர். பிற்காலத்தில், குளச்சலை அடுத்த உடையார்விளையில் தொழுநோயாளருக்கென்றே ஓர் ஆஸ்பத்திரியும் ஏற்பட்டது. தொழுநோய் நரம்புகளைக் கெடுப்பது; விரல்களை மடக்கிவிடுவது; புருவத்தை உதிர்த்து, மூக்கை அமுக்கிவிடுவது. மருந்தினால் கிருமி ஒழிந்த பின்னும் இவ்வடையாளங்கள் ஒழிவதில்லை.

நெய்யூரில் நெடுங்காலம் ரண சிகிச்சை செய்த டாக்டர் ஸாமர்வெல் பின்னர் போதிக்கச் சென்றது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு. அங்கே 1946-ல் வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்டு, நல்ல தசை நாண்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை மீண்டும் இயங்கச் செய்தார். கை சீரானால் பிழைப்புக்குக் குறைவிராது என்றே எவரும் நினைப்பர். நடந்ததோ வேறு. கை சரியாயிருந்தும் முகத்தைக் கண்ட முதலாளிகள் வேலை கொடுக்க மறுத்தனர். ஆகவே வைத்தியர்கள் மூக்கை நிமிர்த்தவும், தலைமயிருள்ள தோலைக் கொண்டு புருவம் அமைக்கவும் நேர்ந்தது.

இது வைத்தியத்தின் வெற்றியே; ஆனால் சமூகத்தின் தோல்வியுமாகும். வேலைக்கு வேண்டியது கை, அது குணமாயிற்று. குணமாகாதிருந்தது வேலை கொடுப்பவரின் பார்வை. அதற்கு ரண சிகிச்சை செய்யும் வைத்தியர் எவருமில்லை.

"நமக்கு ஆட்சேபமில்லை, வாடிக்கைக்காரர் சகிக்கமாட்டார்" என்பது வழக்கமாய்ச் சொல்லப்படும் சமாதானம். முதல் நாள் தயங்கும் வாடிக்கைக்காரர், சரக்கு நன்றாயும் கணக்கு நேராயும் இருக்கக் கண்டால் மறுவாரமே முகத்தை மறந்துவிடுவார். அந்த முதல் நாளைக் கொடுக்க மறுப்பவர் முதலாளியேயன்றி வாடிக்கைக்காரரல்லர்.

சட்டம் தன் பங்கைச் சிறிது செய்திருக்கிறது. 1898-ம் வருஷத்துத் தொழுநோயர் சட்டம் 2016-ல் ரத்தாயிற்று. அதே வருஷத்தில் இயற்றப்பட்ட மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசாங்க வேலைகளில் நூற்றுக்கு 4 இடங்களை ஒதுக்கி, தொழுநோயினின்று குணமானவர்களையும் திராவக வீச்சுக்கு ஆளானவர்களையும் அவ்வுரிமையில் சேர்த்துக்கொண்டது. ஆயினும் கடை, கம்பெனி, தொழிற்சாலைகளின் வாசலைச் சட்டம் மாத்திரம் திறந்துவிட முடியாது.

விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்கும் வழக்கத்தை முதலாளிகள் விட்டொழிக்க வேண்டும். வந்தவரிடம் வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். நேர்முகப் பரீட்சையில் பரீட்சிக்கத் தக்கது முகமன்று, திறமையே என்பதை அவர்கள் உணர்வார்களாக!