ஊரைச் சுத்தி காத்தாடி... லாபம் யாருக்கு? கரண்ட் வித்து கஜானா நிரப்பிய ஓடந்துறை பஞ்சாயத்து!

சங்கரன்கோவில்,

நெல்லையில் இருந்து சங்கரன்கோவிலுக்கு பஸ்சில் வருகிறவர்கள் தேவர்குளம் பக்கம் ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தால் காத்தாடியாகத்தான் தெரியும். பனவடலிசத்திரம் வட்டாரத்திலும் அதே கதைதான். வைகாசியில் ஆரம்பிக்கிற காத்து ஆடித்தபசு முடிந்தும் ஓயாது. காத்து இல்லாத மாசங்களில் வெயில் மண்டையைப் பிளக்கும்.

காத்தும் வெயிலும் நம்ம ஊருடையது. ஆனால் காத்தாடி நம்முடையது இல்லை. பெரும்பாலும் வெளியூர் கம்பெனிகள், கோவை, திருப்பூர் பக்கத்து மில்காரர்கள் வைத்தது. நிலம் கொடுத்தவருக்கு ஒரு தடவை பணம் வந்தது, சில பேருக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அதோடு சரி. தெருவிளக்குக்கும் குடிதண்ணி மோட்டாருக்கும் பஞ்சாயத்து இன்னமும் மின்வாரியத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இதையே திருப்பிப் போட்டால் என்ன? ஊரே சேர்ந்து மின்சாரம் எடுத்து, வித்து, அந்தப் பணத்தில் குளம் தூர்வாரலாம், மரம் நடலாம், தண்ணி பைப் போடலாமே? கேட்க கனவு மாதிரி இருக்கும். நம்ம தமிழ்நாட்டிலேயே ஒரு பஞ்சாயத்து செய்து காட்டி இருக்கிறது.

கடன் வாங்கி காத்தாடி

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்தில் இருக்கிறது ஓடந்துறை. 1996 முதல் 2006 வரை அங்கே தலைவராக இருந்தவர் ஆர்.சண்முகம். ஊருக்குத் தண்ணி வந்தது, விளக்கு வந்தது, கூடவே கரண்ட் பில்லும் கிடுகிடுவென்று ஏறியது. முதலில் 2 குக்கிராமங்களில் சோலார் தெருவிளக்கு போட்டார்கள். 2003ல் விறகுக் கழிவை எரித்து வாயு எடுத்து, அதில் தண்ணி மோட்டார் ஓட்டினார்கள். அதுவும் போதவில்லை.

2006ல்தான் பெரிய காரியம். உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் பஞ்சாயத்தே சொந்தமாக 350 கிலோவாட் காத்தாடி வைத்தது. விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். பஞ்சாயத்தின் சேமிப்பு 40 லட்சம், மிச்சம் பேங்க் கடன். 'பஞ்சாயத்துக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை' என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். ஆனால் கணக்கைப் பாருங்கள். வருஷத்துக்கு சுமார் 6.75 லட்சம் யூனிட். ஊரின் தேவை 4.5 லட்சம் யூனிட் அளவுதான். மின்வாரியத்துக்கு வித்ததில் வருஷம் 19 லட்சம் ரூபாய் போல வந்தது. கடன் தவணை போக மிச்சம் ஊருக்கு. காத்தாடி இருந்தது ஊரில் இருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. ஆனாலும் பணம் ஓடந்துறைக்குத்தான் வந்தது. உலக வங்கி ஆட்கள் வரைக்கும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்று காத்தாடி, இன்று சோலார்

அந்தக் காலத்தில் சோலார் யானை விலை. இப்போது 1 கிலோவாட்டுக்கு சுமாராக 50 ஆயிரம் ரூபாய் ஆகும். நம்ம வெயிலுக்கு நாளைக்கு 4 யூனிட் கிடைக்கும். அப்படியென்றால் 100 கிலோவாட் போட்டால் நாளைக்கு 400 யூனிட், வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் யூனிட்டை நெருங்கும். பலகை 25 வருஷம் உழைக்கும். இன்வெர்ட்டரை மட்டும் நடுவில் மாற்ற வேண்டி வரும். அப்புறம் தூசி! நம்ம பக்கத்து புழுதிக்கு அடிக்கடி கழுவி விடாவிட்டால் கரண்ட் குறைந்துவிடும்.

குஜராத் மாநிலம் துண்டி கிராமத்தில் 2016ல் 6 விவசாயிகள் கூட்டுறவு சங்கமாகச் சேர்ந்தார்கள். சோலாரில் பம்ப்செட் ஓட்டியது போக மிச்ச கரண்டை யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு மின்வாரியத்துக்கு விற்றார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மோட்டாரை வீணாக ஓடவிட்டால் விக்கிற கரண்ட் குறையும். அதனால் கிணத்துத் தண்ணியும் மிச்சம். நம்ம ஊரில் விவசாய கரண்ட் இலவசம், மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டே கிடக்கும். ஆயிரம் அடிக்கு போர் போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

லண்டன் மாநகரில் பிரிக்ஸ்டன் பகுதியில் 2012ல் குடியிருப்பு மக்கள் பங்கு போட்டு மொட்டை மாடியில் சோலார் வைத்தார்கள். லாபத்தில் ஒரு பகுதி, அங்குள்ள வீடுகளில் கரண்ட் செலவைக் குறைக்கும் வேலைகளுக்குப் போகிறது.

பணத்துக்கு எங்கே போவது?

2019ல் மத்திய அரசு கொண்டு வந்த குசும் திட்டத்தில், தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சோலார் வைக்க விவசாயிகளோடு பஞ்சாயத்து, கூட்டுறவு சங்கம் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தார்கள். 2024ல் வந்த பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் வீட்டுக்கு 3 கிலோவாட் போட்டால் 78 ஆயிரம் ரூபாய் மானியம். அதே திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சோலார் கிராமத்துக்கு 1 கோடி ரூபாய் என்றும் அறிவித்தார்கள். 5 ஆயிரம் பேருக்கு மேல் உள்ள ஊர்களுக்குள் போட்டி வைத்துத் தேர்வு செய்வது அதன் முறை.

எல்லாம் லட்டு மாதிரி கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். காற்றாலைக்காரர்களுக்கு மின்வாரியம் மாசக்கணக்கில் பாக்கி வைத்த காலமும் உண்டு. பாக்கி நின்றாலும் பேங்க் தவணை நிக்காது. என்ன விலைக்கு வாங்குவார்கள், எத்தனை வருஷ ஒப்பந்தம் என்பதை எழுத்தில் வாங்காமல் கடன் வாங்கினால் சிக்கல்தான். தலைவர் மாறினால் கணக்கும் மாறுகிற ஊராக இருந்தால் இன்னும் சிக்கல்.

அதனால் முதல் வேலை செலவில்லாதது. பஞ்சாயத்து வருஷத்துக்கு எவ்வளவு கரண்ட் பில் கட்டுகிறது, புறம்போக்கும் தரிசும் எத்தனை ஏக்கர் சும்மா கிடக்கிறது என்று கிராமசபையில் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு 6 தடவை கூட்டம் நடக்கும். வாக்காளர் யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று கணக்கு கேட்கலாம்.