பாட்டில் தண்ணீர் வழக்கில் நிற்காது

நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் ஓடினால் திருப்பூர்ப் பக்கம் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று மறியல். இன்னொன்று, சிவப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் போவது. பத்திரிகையில் படம் வரும். அதற்கு மேல் ஒன்றும் நகராது. நகர்த்தியது வழக்குதான்: 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையெல்லாம் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதற்குப் பின்னால் இருந்தது, நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் வருடக்கணக்கில் விடாமல் நடத்திய வழக்கு.

1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் பாருங்கள். மாசு கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி பட்டறைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, முறைப்படி சீல் வைத்து மாதிரி எடுக்க வேண்டும். அந்த முறை தவறினால் வாரியத்தின் ஆய்வறிக்கையே நீதிமன்றத்தில் செல்லாது. உங்கள் பாட்டில் எம்மாத்திரம்?

ஆகவே தண்ணீர் ஓடும்போதே வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குப் போன் செய்து, மாதிரி எடுக்க வரச் சொல்லுங்கள். தண்ணீர் வடிந்தபிறகு சாவகாசமாக வருவார்கள். அது தெரிந்த கதை. அதனால்தான் அன்றைக்கே மனுவும் போக வேண்டும், கொண்டு சேர்த்ததற்கான அத்தாட்சியுடன் ஸ்பீடு போஸ்ட்டில். எந்தப் பாலம், எந்தக் குழாய், எத்தனை மணி என்று எழுதுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

நிறத்தை மட்டும் எழுதாதீர்கள். நிறம் நீக்கிய கழிவிலும் உப்பு அப்படியே இருக்கும்; தென்னையையும் கிணற்றையும் கெடுப்பது அந்த உப்புதான். கரைந்த உப்பையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். வெளியேறும் கழிவுநீரில் அதற்கு வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். பட்டறைக்கு அனுமதி கொடுத்தபோது போட்ட நிபந்தனைகள் வாரியப் பதிவேட்டில் இருக்கும். பாதிக்கப்பட்டவர் அதைப் பார்க்கலாம், அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. காட்ட மறுத்தால் பத்து ரூபாயில் தகவல் உரிமை மனு.

வாரியம் அசையாவிட்டால் சென்னையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. வக்கீல் கட்டாயமில்லை. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். ஆனால் கெடு உண்டு: பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள், அதோடு சரி. இழப்பீட்டுக்கு ஐந்து வருடம்.

“பத்து வருஷமா ஓடுது” என்று மட்டும் மனு எழுதுகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பதே அந்த வரியைத்தான். பழைய கதையோடு, இப்போது திறந்துவிட்ட தேதியையும் நேரத்தையும் தனியாக எழுதுங்கள். மறுபடி சொல்கிறேன், தேதி. மறியலுக்குப் போவதானாலும் போங்கள்; மனுவைத் தபாலில் சேர்த்துவிட்டுப் போங்கள்.