குடும்ப நினைவுகள் நிலைப்பதும் மாறுவதும்

சொந்த வாழ்க்கையைப் பற்றி மனிதருக்கு இருக்கும் நினைவு இரண்டு வகைப்பட்டது. தாத்தா எந்த ஊரில் பிறந்தார், எந்தப் பள்ளியில் படித்தோம், தங்கைக்கு எந்த வருஷம் கல்யாணம் ஆயிற்று என்பதெல்லாம் தெரிந்து வைத்திருக்கும் செய்திகள். அந்தக் கல்யாணத்தன்று மழை கொட்டியதும், பந்தல் ஒழுகியதும், அப்பாவின் முகத்தில் தெரிந்த பதற்றமும் மனத்துக்குள் மறுபடி நடக்கிறவை. உளவியலாளர் எண்டல் டல்விங் 1972-இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். முதலாவதைச் செய்தி நினைவு என்றும், இரண்டாவதை நிகழ்ச்சி நினைவு என்றும் சொல்லலாம்.

கே.சி. என்ற எழுத்துகளால் ஆய்வுலகம் அறிந்த ஒரு கனடாக்காரரிடம் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. 1981-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருக்குத் தலையில் பலத்த அடி. பிழைத்த பிறகு நன்றாகப் பேசினார். தாம் வளர்ந்த வீடு எது, உடன்பிறந்தவர்கள் யார் என்றெல்லாம் சொன்னார். அந்த வீட்டில் நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சியைக்கூட அவரால் மனத்தில் மீண்டும் காண முடியவில்லை. சகோதரர் இறந்தது அவருக்குச் செய்தியாகத் தெரியும். அதைக் கேட்ட நாள் எப்படிக் கழிந்தது என்பது தெரியாது. நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டால் மனம் வெறுமையாக இருக்கிறது என்பார். பழைய நாள்களை மீட்கும் திறன் போனதோடு, வரப்போகும் நாளைக் கற்பனை செய்யும் திறனும் போயிருந்தது.

அன்றாட வாழ்வின் சின்னச் சின்ன நிகழ்ச்சிகள் எவ்வளவு காலம் தங்கும் என்பதைப் பிறரை வைத்து அளப்பது கடினம். அவர்கள் சொல்வது உண்மையில் நடந்ததா என்று சரிபார்க்க வழியில்லை. அதனால் சிலர் தம் வாழ்க்கையையே சோதனைக்குக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் மேரிகோல்ட் லின்டன் 1972-இல் தொடங்கி ஆறு ஆண்டுகள், ஒவ்வொரு நாளும் குறைந்தது இரண்டு நிகழ்ச்சிகளை அட்டைகளில் எழுதி வைத்தார். மாதம் ஒருமுறை கைக்கு வந்த அட்டைகளை எடுத்து, அந்த நிகழ்ச்சி நினைவிருக்கிறதா, எப்போது நடந்தது என்று தம்மையே சோதித்துக்கொண்டார். முதல் ஆண்டில் மறந்தவை மிகக் குறைவு. அதன்பின் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 விழுக்காடு என்ற அளவில், சீராக, நிகழ்ச்சிகள் கைநழுவின.

அந்த மறதி நிகழ்ந்த விதம்தான் இன்னும் கவனிக்கத்தக்கது. வேறு ஊரில் நடந்த ஒரு குழுக் கூட்டத்துக்கு முதல் தடவை போய்வந்தது அவருக்குத் தெளிவாக நினைவிருந்தது. பிறகு அதே கூட்டத்துக்குப் பலமுறை போனார். அந்தப் பயணங்கள் ஒன்றோடொன்று கலந்து, ‘கூட்டத்துக்குப் போவது’ என்ற பொதுவான ஒரே நினைவாகிவிட்டன. எந்த முறை என்ன நடந்தது என்று பிரிக்க முடியவில்லை. நாள்தோறும் அம்மா போட்டுக் கொடுத்த காப்பி நினைவிருந்தும், குறிப்பிட்ட ஒரு செவ்வாய்க்கிழமைக் காப்பி நினைவில்லாமல் போவது இதனால்தான். அந்த நாள்கள் அழிந்துவிட்டன என்று வருந்த வேண்டியதில்லை. அவை ‘அம்மா’ என்ற அறிவில் சேர்ந்திருக்கின்றன.

நெதர்லாந்தின் வில்லெம் வாகெனார் 1979-இல் இதேபோன்ற பணியைத் தொடங்கினார். சுமார் 2,400 நிகழ்ச்சிகளை, யார், என்ன, எங்கே, எப்போது என்ற நான்கு குறிப்புகளோடு பதிந்தார். பின்னர் ஒவ்வொரு குறிப்பாகப் பார்த்து, மற்றவை நினைவுக்கு வருகின்றனவா என்று சோதித்தார். ‘என்ன நடந்தது’ என்ற குறிப்பு மிகுதியாக உதவியது. ‘எப்போது’ என்பது தனியாகத் தரப்பட்டபோது ஏறக்குறைய ஒன்றுக்கும் உதவவில்லை. எல்லாக் குறிப்புகளையும் படித்தும் துளிகூட நினைவுக்கு வராத நிகழ்ச்சிகளும் இருந்தன. அவற்றில் வேறொருவரும் உடனிருந்த பத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த மனிதர்களிடம் போய்க் கேட்டார். அவர்கள் சொன்ன விவரங்களைக் கேட்டதும் பத்தும் திரும்பி வந்தன. ஆறு ஆண்டு உழைப்பில் கிடைத்த முடிவுகளில் இதுவே மிகப் பெரியது என்று சொல்லத் தோன்றுகிறது. முற்றிலும் போய்விட்டது என்று ஒருவர் நினைக்கும் நாள், அன்று கூட இருந்த நண்பரின் ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருக்கலாம்.

தேதி நினைவில் நிற்காதபோது மக்கள் பெரிய நிகழ்ச்சிகளைக் கொண்டு காலத்தை அளக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களில் ஒரு காலத்தில் தாது வருஷப் பஞ்சம் அப்படிப்பட்ட அளவுகோலாக இருந்தது. 1964-இல் தனுஷ்கோடியை அழித்த புயல், எம்.ஜி.ஆர். இறந்த 1987, சுனாமி வந்த 2004 என்று அந்த வரிசை நீள்கிறது. “சுனாமிக்கு அடுத்த பொங்கலுக்குத்தான் அத்தை இந்த வீட்டுக்குக் குடிவந்தாங்க” என்பது போன்ற பேச்சு, ஆய்வாளர்கள் பரிந்துரைக்கும் முறையேதான். அண்மையில் நடந்தது போலத் தோன்றும் பழைய நிகழ்ச்சிகளை மனம் முன்னே இழுத்துச் சொல்லும் பழக்கம் உண்டு. 1980-இல் வெடித்த செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையை அடையாளமாக வைத்துக் கேள்வி கேட்டபோது அந்தப் பிழை குறைந்ததை எலிசபெத் லாஃப்டஸும் அவருடைய சக ஆய்வாளரும் 1983-இல் காட்டினார்கள்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால் அவை எல்லா வயதிலிருந்தும் சமமாக வருவதில்லை. ஏறத்தாழ 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவை குவிந்து நிற்கும். டேவிட் ரூபினும் மற்றவர்களும் 1986-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இந்த மேடு தெளிவாயிற்று. முதல் வேலை, முதல் காதல், ஹாஸ்டல் நட்பு, கல்யாணம், முதல் குழந்தை எல்லாம் அந்த வயதில்தான் வருகின்றன. ‘நான் யார்’ என்பதும் அப்போதுதான் உருவாகிறது. பிழைப்புக்காக நடுவயதில் வேறு நாட்டுக்குப் போனவர்களிடம் இந்த மேடு அந்தக் குடிபெயர்வைச் சுற்றித் தள்ளிப்போயிருந்ததையும் பின்னர் கண்டார்கள். வங்கதேசத்தின் முதியவர்களிடம் 1999-இல் வெளியான ஆய்வில் வழக்கமான மேட்டோடு இன்னொரு மேடும் தெரிந்தது: 35 முதல் 55 வயது வரை. பாகிஸ்தானோடு மோதலும் 1971 விடுதலைப் போரும் அவர்களுக்கு நேர்ந்த வயது அது. ஆக, மேட்டை உண்டாக்குவது இளமை மட்டுமல்ல. வாழ்க்கை தலைகீழாக மாறும் எந்தக் காலமும் மனத்தில் அழுந்தப் பதிகிறது.

மூன்று வயதுக்கு முந்தைய நாள்கள் பெரும்பாலோருக்கு நினைவில்லை. மூளை அப்போது முதிர்ந்திருக்காது என்பது ஒரு காரணம். மொழி இன்னொரு காரணம், மொழியோடு சேர்ந்து வீட்டுப் பேச்சும். கோயிலுக்குப் போய்வந்த குழந்தையிடம் “யானை என்ன செஞ்சுது? உனக்கு ஏன் அழுகை வந்துச்சு? அப்புறம் யாரு தூக்கிக்கிட்டாங்க?” என்று விரித்துக் கேட்கும் தாயும், “யானை பார்த்தியா?” என்று கேட்டு நிறுத்திவிடும் தாயும் வேறுவேறு நினைவுகளை வளர்க்கிறார்கள். ராபின் ஃபைவுஷ், எலெய்ன் ரீஸ் முதலானோர் பல ஆண்டுகள் தாய்களையும் குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்து, விரித்துப் பேசும் வீட்டுக் குழந்தைகள் பிற்காலத்தில் தம் கடந்த காலத்தை விவரமாகச் சொல்வதைக் கண்டார்கள். முன்னோர் கதைகளுக்கு மிகுந்த மதிப்புத் தரும் நியூசிலாந்து மாவோரி மக்களின் முதல் நினைவு, சராசரியாக இரண்டரை வயதைச் சற்றுத் தாண்டியதாக 2000-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. அதே ஆய்வில் ஐரோப்பிய வழிவந்தவர்களின் முதல் நினைவு அதைவிடப் பிந்தையது. பாட்டியிடம் கதை கேட்பது பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

குடும்பக் கதை தெரிந்திருப்பதால் நன்மை உண்டா என்று அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக்கும் ஃபைவுஷும் ஆராய்ந்தார்கள். பெற்றோர் எங்கே சந்தித்தார்கள், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், குடும்பத்தில் யாருக்கு என்ன துன்பம் நேர்ந்தது என்பன போன்ற 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். மிகுதியாக விடை தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கையும் மிகுதியாக இருந்தது. விடைகளை மனப்பாடம் செய்துவிட்டால் அந்த நன்மை வந்துவிடாது. சாப்பாட்டு வேளையிலும் பயணத்திலும் உட்கார்ந்து பேசுகிற வீடுகளில்தான் இந்தக் கதைகள் பிள்ளைகளை எட்டுகின்றன. அந்தப் பேச்சே அவர்களை வளர்த்திருக்கலாம்.

நினைவைக் கிளப்புவதில் வாசனைக்குத் தனி இடம் உண்டு. மற்றப் புலன்களின் செய்தி தாலமஸ் என்ற பகுதி வழியாக மூளைப் புறணிக்குச் செல்கிறது. மூக்கின் செய்தி அங்கே நிற்காமல், உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலாவையும் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸையும் சுருக்கமான வழியில் அடைகிறது. சொற்களும் படங்களும் இளமைக் கால நினைவுகளை எழுப்ப, வாசனை பத்து வயதுக்கு முந்தைய நினைவுகளை எழுப்புவதாக ஸ்வீடனில் நடந்த சோதனைகள் காட்டின.

நினைவைத் தருகிற குடும்பமே பொய் நினைவையும் தரக்கூடும். குழந்தை வளர்ச்சி ஆய்வில் பெரும் பெயர் பெற்ற ழான் பியாஜேக்குச் சிறு வயதில் ஒரு நினைவு இருந்தது. பாரிஸ் சாலை ஒன்றில் தம்மைத் தள்ளுவண்டியில் வைத்துத் தாதி அழைத்துச் செல்கிறாள். ஒருவன் குழந்தையைக் கடத்த வருகிறான். தாதி போராடி முகத்தில் கீறல் படுகிறாள். போலீஸ்காரர் வந்ததும் அவன் ஓடிவிடுகிறான். கீறலும் போலீஸ்காரரின் உடையும்கூட அவர் கண்முன் நின்றன. அவருக்கு 15 வயதானபோது அந்தத் தாதி பெற்றோருக்குக் கடிதம் எழுதி, அது முழுதும் தான் கட்டிய கதை என்று ஒப்புக்கொண்டு, பரிசாகப் பெற்ற கடிகாரத்தையும் திருப்பி அனுப்பினாள். வீட்டில் பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன கதை, கண்ணால் கண்ட காட்சியாகப் பையனுக்குள் பதிந்திருந்தது.

உடன்பிறந்தவர்களுக்குள் “கிணத்துல விழுந்தது நான்தான்”, “இல்லண்ணே, நீங்க மேலே நின்னு கத்துனீங்க, விழுந்தது நான்” என்ற வழக்கு பல வீடுகளில் உண்டு. நியூசிலாந்தில் 20 இரட்டையர் இணைகளை விசாரித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 14 இணைகளிடம் குறைந்தது ஒரு நினைவாவது இப்படி இருவரும் உரிமை கோருவதாக இருந்தது. சாதித்ததையும் துன்பப்பட்டதையும் தமக்கே வைத்துக்கொண்டு, செய்த தப்பை மற்றவருக்குக் கொடுத்துவிடும் போக்கும் பின்னர் தெரியவந்தது. இதில் பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இல்லை. கேட்ட கதையும் கண்ட காட்சியும் ஒரே இடத்தில் சேர்கின்றன. எது எந்த வழியில் வந்தது என்ற அடையாளம் முதலில் அழிகிறது.

உறுதியாக நினைவிருக்கிறது என்பதும் சான்றாகாது. 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையில், அந்தச் செய்தியை எப்படிக் கேட்டீர்கள் என்று உல்ரிக் நைசர் தம் மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் மறுபடி கேட்டார். கால்வாசிப் பேர் எல்லா விவரத்தையும் தவறாகச் சொன்னார்கள். அவர்களில் பலர் தம் விடையில் மிக உறுதியாக இருந்தார்கள். சொந்தக் கையெழுத்தைக் காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை.

நெடுநாள் சேர்ந்து வாழ்ந்த கணவன் மனைவி நினைவைப் பங்கிட்டுக்கொள்வதை 1980-களில் டேனியல் வெக்னர் விளக்கினார். உறவினர் பெயர்கள் ஒருவர் பொறுப்பு, வழியும் கணக்கும் மற்றவர் பொறுப்பு. அறிமுகமில்லாதவர்கள் கூடி நினைவுகூர்ந்தால் தனித்தனியே சொல்வதைவிடக் குறைவாகவே சொல்வார்கள். ஒருவர் பேச்சு மற்றவர் சரடை அறுக்கிறது. ஆஸ்திரேலியாவில் முதிய தம்பதியரைச் சோதித்தபோது சிலர் சேர்ந்து பேசியதில் மிகுதியாக நினைவுகூர்ந்தார்கள். ஒருவர் பாதியில் விட்டதை மற்றவர் எடுத்துக்கொடுத்து, திருத்தாமல் தொடரும் தம்பதிகள் அவர்கள். துணையை இழந்த முதியவர்கள் மறதி கூடிவிட்டதாகச் சொல்லும்போது, அதில் ஒரு பகுதி இந்தப் பங்காளி இல்லாததால் வருவதாக இருக்கலாம். வீட்டில் இருப்பவர்கள் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

முதுமையில் பழங்கதை பேசுவதை மூளை தளர்ச்சியின் அறிகுறி என்று மருத்துவர்களே கருதிய காலம் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இல் அதை மறுத்தார். வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, தீராத வருத்தங்களோடு உடன்பாட்டுக்கு வருவது முதியவர்களின் இயல்பான மனவேலை என்றார். மறதி நோய் வந்தவர்களிடம் அண்மை நினைவுகள் முதலில் போய்ப் பழையவை நெடுநாள் தங்கும் என்பதைப் பிரான்சின் தியோதூல் ரிபோ 1881-லேயே எழுதியிருந்தார். இந்த இரண்டையும் அடிப்படையாகக் கொண்டு பழைய படங்கள், பாட்டுகள், வீட்டுப் பொருள்கள் ஆகியவற்றைக் காட்டிப் பேசவைக்கும் முறை பல நாடுகளின் முதியோர் இல்லங்களில் வழக்கில் இருக்கிறது. 2018-இல் அத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பலன் இருந்தாலும் சிறியது, இடத்துக்கு இடம் மாறுகிறது என்றார்கள். ஒருவரோடு தனியே உட்கார்ந்து அவருடைய சொந்த வாழ்க்கையைப் பேசியபோது மனநிலையிலும் சிந்தனையிலும் சற்று முன்னேற்றம் தெரிந்தது. குழுவாகச் செய்தபோது பிறரோடு பேசும் ஆற்றல் சற்றே கூடியது.