அச்சமும் அறிவும்: மருத்துவமனைகளில் மெர்ஸ் பரவிய வரலாறு

கொள்ளைநோய் ஓர் ஊருக்குள் நுழையும்போது, நோயைக் காட்டிலும் அதைப் பற்றிய பேச்சே விரைந்து பரவுகின்றது. நோய் ஒருவரிடமிருந்து மற்றவரை அடையச் சில நாட்களேனும் ஆகும். பேச்சுக்கோ ஒரு நொடி போதும். 2014ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜித்தா மாநகரம் இத்தகைய நிலைக்கு ஆளாயிற்று. மருத்துவமனையின் வாசலை மிதித்தாலே ‘மெர்ஸ்’ பற்றிக்கொள்ளும் என்று மக்கள் அஞ்சினர். நோயாளிகளுக்குச் சிகிச்சையளிக்க அஞ்சி மருத்துவர் சிலரே பதவி விலகினர். புனிதப் பயணம் மேற்கொள்வோரின் உறவினர்கள் உலகெங்கும் கவலையுற்றனர்.

அந்த அச்சத்திற்கு அடிப்படையே இல்லை என்று கூறிவிட முடியாது. பிணி தீர்க்கும் இடமே பிணி பரப்பும் இடமாக மாறியது உண்மை. ஆனால் அது எவ்வாறு மாறியது, எந்தச் செயலால் மாறியது என்பதை மக்கள் அறிந்திருக்கவில்லை. அஞ்ச வேண்டியதை விட்டு அஞ்ச வேண்டாததற்கு அவர்கள் அஞ்சினர். பின்னர் நடந்த ஆய்வுகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கியுள்ளன. அதனை விளக்குவதே நம் நோக்கம்.

நோய் அறியப்பட்ட வரலாறு

2012 ஜூன் மாதத்தில் ஜித்தாவின் தனியார் மருத்துவமனை ஒன்றில் 60 வயதுடைய ஒருவர் கடும் நுரையீரல் அழற்சியுடன் சேர்க்கப்பட்டார். சில நாட்களில் அவருடைய சிறுநீரகங்களும் செயலிழந்தன. அவர் உயிர் பிரிந்தது. அம்மருத்துவமனையில் பணியாற்றிய எகிப்திய வைரஸ் ஆய்வாளர் டாக்டர் அலி முஹம்மத் ஸகி, நோயாளியின் சளியில் அதுவரை அறியப்படாத வைரஸ் ஒன்றைக் கண்டார். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகர ஆய்வுக்கூடம் அது கொரோனா குடும்பத்தைச் சேர்ந்த புதிய வைரஸ் என்பதை உறுதிசெய்தது. அதனால் உண்டாகும் நோய்க்கே பின்னர் ‘மத்திய கிழக்குச் சுவாச நோய்’ எனப் பொருள்படும் ‘மெர்ஸ்’ என்னும் சுருக்கப் பெயர் வழங்கலாயிற்று.

இதற்குப் பின், ஜோர்டானின் ஸர்கா நகர மருத்துவமனையொன்றில் அதே ஆண்டு ஏப்ரலில் காரணம் விளங்காமல் பரவிய நோயின் மாதிரிகள் மீண்டும் சோதிக்கப்பட்டன. அவற்றிலும் இதே வைரஸ் இருந்தது. அங்கே உயிரிழந்தோரில் ஒருவர் செவிலியர். ஆக, நாம் அறிந்த முதல் கூட்டுப் பரவலே மருத்துவமனைக்குள் நிகழ்ந்ததாகும்.

ஒட்டகத்திலிருந்து மனிதனுக்கு

இவ்வைரஸின் இருப்பிடம் ஒற்றைத் திமில் ஒட்டகம் என்பது 2013, 2014ஆம் ஆண்டுகளின் ஆய்வுகளால் புலனாயிற்று. ஒட்டகங்களின் பழைய இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, 1980களிலிருந்தே அவற்றிடையே இவ்வைரஸ் உலவி வந்திருப்பது தெரிந்தது. ஒட்டகத்திற்கு அது சாதாரணச் சளித் தொல்லையே. மனிதருள் சிலருக்கோ உயிர்க்கொல்லி. சவூதி அரசு 2014இல் இது குறித்து எச்சரித்தபோது, ஒட்டக வளர்ப்போர் சிலர் தம் ஒட்டகங்களை முத்தமிட்டுப் படம் வெளியிட்டு அதை மறுத்தனர். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமையும் அறியாமையின் மற்றொரு முகமே.

நோயுற்ற ஒட்டகங்களின் உரிமையாளர் அவற்றை நலமான ஒட்டகங்களிடம் கொண்டுசெல்லலாகாது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். இதனை அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். ‘தொற்று இல்லை’ எனப் பொருள்படும் மற்றொரு நபிமொழியைக் காட்டி, இரண்டும் முரண்படுகின்றனவே என வினவுவோர் உண்டு. நோய் தன் இயல்பிலேயே தானாகத் தொற்றும் வல்லமை உடையது என்ற அறியாமைக் காலக் கொள்கையே அங்கு மறுக்கப்படுகிறது. கலந்து பழகுவதை நோய்க்கு ஒரு காரணமாக இறைவன் ஆக்கியிருப்பது மறுக்கப்படவில்லை என்று இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) முதலான ஹதீஸ் கலை அறிஞர்கள் இணக்கம் கண்டுள்ளனர். காரணங்களை ஆராய்வது ஈமானுக்கு எதிரானதன்று என்பது இதனால் தெளிவாகும்.

அல்அஹ்ஸா தந்த பாடம்

2013 ஏப்ரல், மே மாதங்களில் சவூதியின் கிழக்குப் பகுதியான அல்அஹ்ஸாவில் 23 பேருக்கு நோய் உறுதியானது. அவர்களுள் 21 பேர் மூன்று மருத்துவ நிலையங்களின் டயாலிசிஸ் பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவு, உள்நோயாளிப் பிரிவு ஆகியவற்றிலேயே பிற நோயாளிகளிடமிருந்து நோயைப் பெற்றிருந்தனர். ஒரே நோயாளியிடமிருந்து ஏழு பேருக்குத் தொற்றியதும் உண்டு.

அதே ஆய்வின் மற்றொரு கணக்கைப் பலரும் கவனிப்பதில்லை. நோயாளிகளின் வீடுகளில் அவர்களுடன் பழகியோர் 217 பேர் கண்டறியப்பட்டனர். அவர்களுள் ஐவருக்கே நோய் வந்தது. பழகிய மருத்துவப் பணியாளர் 200க்கும் மேற்பட்டோரில் இருவருக்கே வந்தது. 2014இல் வெளியான வேறோர் ஆய்வில், 26 நோயாளிகளின் வீட்டார் 280 பேரில் 12 பேருக்கே தொற்றியிருக்கலாம் எனக் காணப்பட்டது. ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கியவர்களில் பெரும்பாலோர் தப்பினர். டயாலிசிஸ் பிரிவில் பக்கத்துப் படுக்கையில் சில மணி நேரம் இருந்தவரோ நோயுற்றார். இது எதனால்?

மருத்துவமனை ஏன் களமாயிற்று?

முதற் காரணம், வைரஸ் குடியேறும் இடம். மனித உயிரணுக்களினுள் அது நுழைவதற்குரிய ஏற்பி மூக்கிலும் தொண்டையிலும் அரிது. நுரையீரலின் ஆழ்பகுதியிலேயே மிகுதி. ஆகவே நோயின் தொடக்கத்தில் ஒருவர் பேசுவதாலும் இருமுவதாலும் வெளியேறும் வைரஸ் குறைவு. நோய் முற்றி நுரையீரல் அழற்சி கடுமையாகும்போதுதான் அது பெருமளவில் வெளிப்படுகிறது. அந்நிலையில் நோயாளி இருப்பது கடைவீதியிலன்று; மருத்துவமனைப் படுக்கையிலேயே.

இரண்டாவது, சிகிச்சை முறை. மூச்சுக் குழாய் பொருத்துதல், சளியை உறிஞ்சி எடுத்தல், மருந்தை ஆவியாக்கிச் செலுத்தும் நெபுலைசர் ஆகியவை உயிர் காக்கும் செயல்கள். ஆனால் நுரையீரலின் ஆழத்தில் உள்ள வைரஸை நுண்துளிகளாக அறையின் காற்றில் கலக்கச் செய்வனவும் அவையே. தக்க முகக் கவசமும் கண் காப்பும் இன்றி அருகில் நிற்பவருக்கு ஆபத்து மிகுதி.

மூன்றாவது, பொருட்களும் கைகளும். 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் குறைந்த நிலையில், பிளாஸ்டிக், எஃகு ஆகியவற்றின் மீது இவ்வைரஸ் 48 மணி நேரம் வரை உயிர்ப்புடன் இருந்ததாக ஆய்வுக்கூடச் சோதனை காட்டியது. குளிரூட்டப்பட்ட வார்டுக்கும் இந்நிலைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கட்டிலின் கம்பியைத் தொட்ட கை கழுவப்படாமல் அடுத்த கட்டிலுக்குச் செல்லும்போது வைரஸும் உடன் செல்கிறது.

நான்காவது, அங்கு இருப்போரின் உடல்நிலை. நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, நாட்பட்ட இதய, நுரையீரல் நோய்கள் உடையவர்களையே மெர்ஸ் கடுமையாகத் தாக்குகிறது. டயாலிசிஸ் பிரிவில் அத்தகையோரே வாரத்தில் இருமுறை, மும்முறை மணிக்கணக்கில் அருகருகே படுத்திருக்கின்றனர்.

இவை நான்கையும் விடப் பெரியது ஐந்தாவது: நோயைக் காலந்தாழ்த்தி அறிதல். மெர்ஸ் என அறியப்பட்டுத் தனியறையில் வைக்கப்பட்ட நோயாளியைக் காட்டிலும், சாதாரணக் காய்ச்சல் எனக் கருதப்பட்டு நெரிசலான அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருந்த நோயாளியிடமிருந்தே பலருக்கும் நோய் பரவியது.

ஜித்தாவும் கொரியாவும்

2014இன் முதல் ஐந்து மாதங்களில் ஜித்தாவில் மட்டும் 255 பேருக்கு இவ்வைரஸ் தொற்று உறுதியானது. 93 பேர் மாண்டனர். நகரின் அரசு மருத்துவமனையொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவு தற்காலிகமாக மூடப்பட்டது. ஏப்ரல் 21 அன்று நாட்டின் சுகாதார அமைச்சர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். வைரஸ் உருமாறிக் காற்றில் எளிதாகப் பரவும் தன்மை பெற்றுவிட்டது என்ற பேச்சு அப்போது வலுத்தது. ஆனால் வைரஸின் மரபணுவை ஆராய்ந்தவர்கள் அத்தகைய மாற்றம் எதையும் காணவில்லை. நோயாளிகளின் வரலாற்றை ஆராய்ந்தபோது, அறிகுறிகளுடன் நோயுற்று முழு விவரம் கிடைத்த, மருத்துவப் பணியாளர் அல்லாத 112 பேரில் 109 பேர் நோய்க்கு முந்திய 14 நாட்களில் மருத்துவமனைக்குச் சென்றிருந்தனர், அல்லது மெர்ஸ் நோயாளியுடனோ கடும் சுவாச நோயாளியுடனோ பழகியிருந்தனர். மாற வேண்டியிருந்தது மருத்துவமனையின் ஒழுங்கே. சுவாச நோயாளிகளை நுழைவாயிலிலேயே பிரித்தறிதல், தனிமைப்படுத்துதல், கை கழுவுதல், பணியாளருக்குப் பயிற்சி அளித்தல் ஆகியவை கடைப்பிடிக்கப்பட்டபோது பரவல் தணிந்தது.

அடுத்த ஆண்டு, ஒட்டகமே நோய்க்குக் காரணமாகாத தென்கொரியாவில் இதே கதை நிகழ்ந்தது. மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய ஒருவர் காய்ச்சலுடன் பல மருத்துவமனைகளுக்கு அலைந்தார். 2015 மே 20 அன்றே அவருக்கு மெர்ஸ் என அறியப்பட்டது. அவரிடமிருந்து நோயைப் பெற்ற ஒருவர், சோல் நகரின் பெரிய மருத்துவமனையொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் மே 27 முதல் 29 வரை இருந்தார். அந்த மூன்று நாட்களில் 82 பேருக்கு அவரிடமிருந்து நோய் தொற்றியது. அவர்களுள் நோயாளிகள் 33 பேர், பணியாளர்கள் 8 பேர். எஞ்சிய 41 பேரும் நோயாளிகளைப் பார்க்கவும் கவனித்துக்கொள்ளவும் வந்திருந்தவர்கள். அப்பரவலில் மொத்தம் 186 பேர் நோயுற்றனர். 38 பேர் இறந்தனர்.

நோய் பரவிய மருத்துவமனைகளின் பெயர்களை அரசு ஜூன் 7ஆம் நாள் வரை வெளியிடவில்லை. பீதியைத் தடுப்பதற்காகச் செய்த இம்மறைப்பு பீதியையே வளர்த்தது. எந்த மருத்துவமனை எனத் தெரியாததால் மக்கள் எல்லா மருத்துவமனைகளையும் அஞ்சினர். வதந்திக்கு மாற்று மௌனமன்று, தெளிவான செய்தியே.

நம்மைச் சார்ந்த செய்தி

இவை தொலைவான நாடுகளின் செய்திகள் என நாம் ஒதுக்கிவிட இயலாது. அரபு நாடுகளின் மருத்துவமனைகளில் தமிழகம், கேரளம், இலங்கை ஆகிய பகுதிகளைச் சேர்ந்த செவிலியர் ஏராளமாகப் பணியாற்றுகின்றனர். 2020 ஜனவரியில் சவூதியின் அஸீர் பகுதி மருத்துவமனையொன்றில் கேரளச் செவிலியர் ஒருவர் நோயுற்றபோது, அது சீனாவின் புதிய கொரோனா என்று செய்தி பரவியது. மெர்ஸ் என்பது பின்னரே தெளிவாயிற்று. 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ரியாத்தில் ஒரே நோயாளியிடமிருந்து மருத்துவப் பணியாளர் ஆறு பேருக்கு மெர்ஸ் தொற்றியது. 2012 முதல் உலகில் 2,600க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் உறுதியாகி, அவர்களுள் ஏறத்தாழ 36 விழுக்காட்டினர் இறந்துள்ளனர். மனிதருக்கென உரிமம் பெற்ற தடுப்பூசி இன்னும் இல்லை. மறுபுறம், பல இலட்சம் பேர் கூடும் ஹஜ்ஜில் அஞ்சியவாறு மெர்ஸ் பெருந்தொற்றாக வெடிக்கவில்லை. மக்கள் பெரிதும் அஞ்சியது திறந்த வெளியின் பெருங்கூட்டத்தை. நோய் பரவியதோ மூடிய அறையின் சிறு கூட்டத்தில்.

கூர்ந்து நோக்கி உண்மை காண்பது நம் முன்னோருக்குப் புதிதன்று. 1348, 1349ஆம் ஆண்டுகளில் அந்தலூஸைக் கொள்ளைநோய் தாக்கியபோது, கிரனாடாவின் அறிஞர் லிஸானுத்தீன் இப்னுல் கதீப் தனி நூல் எழுதினார். நோயாளியுடன் கலந்தவர் நோயுறுவதையும் ஒதுங்கியவர் தப்புவதையும், ஆடை, பாத்திரம், காதணி ஆகியவற்றின் வழியாகக் கூட நோய் செல்வதையும் அனுபவ ஆதாரங்களாகக் கொண்டு தொற்றை அவர் நிலைநாட்டினார். வைரஸ் என்ற சொல்லையே அறியாத காலத்தில், எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை அவர் பொருள் பொருளாகக் கண்டு உரைத்தார்.

இங்கு நம் சமுதாயம் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்கு ஆற்ற வேண்டிய கடமைகளுள் ஒன்று. ஆனால் குடும்பம் குடும்பமாகச் சென்று வார்டை நிறைப்பதும், குழந்தைகளையும் முதியோரையும் உடன் அழைத்துச் செல்வதும் அக்கடமையின் பகுதியன்று. சோல் நகரில் நோயுற்ற 41 பேரும் அன்பினால் வந்தவர்களே. தொற்றுக்கு இடமிருக்கும்போது வாசலில் நின்று செய்தி அனுப்புவதும், தொலைபேசியில் பேசுவதும், இல்லத்தாரின் தேவைகளைக் கவனிப்பதும், துஆச் செய்வதும் நலம் விசாரித்தலாகவே அமையும். ஸகீஃப் குலத்தின் தூதுக் குழுவில் தொழுநோயாளி ஒருவர் வந்திருந்தபோது, அவருடைய உறுதிப் பிரமாணம் ஏற்கப்பட்டது, அவர் திரும்பிச் செல்லலாம் என்று அண்ணலார் (ஸல்) ஆளனுப்பித் தெரிவித்தார்கள். கைதொடுதல் தவிர்க்கப்பட்டது, அவருடைய தகுதியோ உரிமையோ குறைக்கப்படவில்லை.

அவ்வாறே, அரபு நாடுகளிலிருந்து திரும்பிய 14 நாட்களுக்குள் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் கண்டால், பயண விவரத்தையும், ஒட்டகத்துடன் பழகியிருந்தால் அதையும் மருத்துவரிடம் முதலிலேயே கூற வேண்டும். ஒதுக்கி வைப்பார்களோ என அஞ்சி மறைப்பது, காத்திருக்கும் அறையில் உள்ள அனைவருக்கும் இழைக்கும் தீங்கு. நோயாளியைக் கவனித்துவிட்டு வீடு திரும்பும் செவிலியரை அண்டை வீட்டார் விலக்கி வைப்பதும் தீங்கே. முறையான காப்புடன் பணியாற்றும் அவரைக் காட்டிலும், கை கழுவாமல் கட்டிலுக்குக் கட்டில் சென்று நலம் விசாரிக்கும் நம்மவரிடமே தொற்றுக்கு வாய்ப்பு மிகுதி.