பந்து வீசலாம், தலைமை கூடாது

'திறமை இருந்தா யாரு தடுக்கப் போறா?' இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஜெயங்கொண்டம் டீக்கடை பெஞ்சிலும் இந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூடவே ஒரு சாட்சியையும் கூட்டி வருவார்கள்: விளையாட்டு. மைதானத்தில் ரன்னும் விக்கெட்டும்தான் பேசும், சாதி பேசாது என்பார்கள். இந்தச் சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்து பார்க்கலாம். அதற்கு 1911ஆம் ஆண்டு ஒன்றே போதும்.

அமெரிக்க பேஸ்பாலின் பெரிய தொழில்முறை லீக்குகளில் அப்போது கறுப்பர்களுக்கு இடமில்லை. எழுதிவைத்த சட்டமா என்றால், இல்லை. முதலாளிகளுக்குள் ஓர் எழுதாத உடன்பாடு. அந்த ஆண்டு ஜூலை 4 அன்று சின்சினாட்டி ரெட்ஸ் அணி ரஃபேல் அல்மெய்டா, அர்மாண்டோ மர்சான்ஸ் என்ற இரண்டு கியூபர்களைக் களமிறக்கியது. இறக்குவதற்கு முன் இவர்கள் கலப்பில்லாத ஸ்பானிய வம்சம்தானா என்று நிர்வாகம் விசாரித்து உறுதி செய்துகொண்டது. இதே ரெட்ஸ் அணி 1908இல் ஹவானா போனபோது அதை ரன் எடுக்கவிடாமல் திணறடித்தவர் ஹோசே மெண்டஸ். அவர் கறுப்பர். அவருக்கு அழைப்பு வரவே இல்லை. கறுப்பர்களுக்கான தனி லீக்குகளில் ஆடி 1928இல் இறந்துபோனார். முதல் கறுப்புக் கியூபரான மின்னி மின்யோசோ பெரிய லீக்கில் நுழைய 1949 ஆயிற்று. ஆக, 1911இல் கோடு அழியவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஓர் அங்குலம் நகர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

அதே கோடையில் முதல் அகில இந்தியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்து போனது. தலைவர் பாட்டியாலா மகாராஜா, வயது 19. அணியின் பெரும்பாலான ஆட்டங்கள் தோல்வி. ஆனால் இடது கைச் சுழல்பந்து வீச்சாளர் பல்வாங்கர் பாலு 114 விக்கெட்டுகள் எடுத்தார். அவர் சமார் சாதியில், தீண்டப்படாதவராகப் பிறந்தவர்.

பாலு புனேயில் மாதம் 3 ரூபாய்க்கு ஆடுகளத்தைப் பெருக்கி உருட்டும் வேலையில் தொடங்கியவர். பிறகு ஐரோப்பியர் கிளப்பில் 4 ரூபாய். வலைப்பயிற்சியில் துரைமார்களுக்கு மணிக்கணக்கில் பந்து வீசினார். மட்டையை அவர் கையில் கொடுத்ததில்லை. இங்கே ஒண்ணு கவனிக்கணும். பந்துவீச்சு உழைப்பு, மட்டை அனுபவிப்பு. நிலத்தில் உழுபவனுக்கும் உடையவனுக்கும் உள்ள உறவுதான் வலைக்குள்ளும் இருந்தது.

வெள்ளையரைத் தோற்கடிக்க இந்து அணிக்கு அவர் தேவைப்பட்டார், சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மண் குவளை, அதுவும் கூடாரத்துக்கு வெளியே. அவர் தொட்டு வீசிய தோல் பந்தை எல்லாரும் தொட்டார்கள். பந்துக்குத் தீட்டில்லை, குவளைக்கு உண்டு. நமது இரட்டைக் குவளைக்கு இது தூரத்துச் சொந்தமல்ல.

தலைமைப் பதவி? எத்தனை விக்கெட் எடுத்தும் வரவில்லை. 1920இல் அவரை அணியிலிருந்தே நீக்கியபோது தம்பிகள் விட்டலும் சிவராமும் பகிரங்கமாக எதிர்ப்புத் தெரிவித்து விலகினார்கள். 1923இல்தான் விட்டல் தலைவரானார். அதாவது திறமை கதவைத் திறக்கவில்லை. திறமையோடு சேர்ந்த எதிர்ப்புதான் திறந்தது.

கதை மைதானத்தோடு முடியவும் இல்லை. 1932 தனித்தொகுதிப் பிரச்சினையில் பாலு, நமது எம்.சி. ராஜாவைப் போல, கூட்டுத்தொகுதியின் பக்கம் நின்றார். 1937 பம்பாய்த் தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியது இதே பாலுவைத்தான். அம்பேத்கர் சுமார் 2,000 வாக்குகளில் வென்றார். பாலுவைத் துரோகி என்று ஒரு சொல்லில் முடித்துவிட நான் தயாரில்லை. காலமெல்லாம் வெளியே உட்காரவைக்கப்பட்டவனுக்கு உள்ளே அழைக்கும் குரல் எவ்வளவு பெரிதாகக் கேட்டிருக்கும்! உள்ளே சேர்த்துக்கொள்ளப்பட்ட ஒருவரை, வெளியே நிற்கும் மற்றவர்களின் கோரிக்கைக்கு எதிராக நிறுத்துவது அதிகாரத்தின் பழைய உத்தி.

எங்க பக்கத்துக் கிராமங்களில் பொங்கல் டோர்னமென்ட்டுக்கு ஊர் டீம், காலனி டீம் என்று தனித்தனியாகத்தான் பெயர் கொடுக்கிறார்கள். பைனலுக்கு வேகமாகப் போடுகிற காலனிப் பையனை ஊர் டீமுக்கு இரவல் கேட்பதும் உண்டு. கோப்பை ஊருக்குள் போய்விடும், பையன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். இனி யாராவது விளையாட்டைச் சாட்சிக்கு அழைத்தால், யார் நன்றாக ஆடினார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். டீமைத் தேர்ந்தெடுத்தது யார், பீல்டு நிறுத்தியது யார், ஆட்டம் முடிந்தபின் எந்த வீட்டுத் திண்ணையில் யாரெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள்.