சூடான கடலின் குளிர்ந்த தரையில்

கன்னியாகுமரிக்கு மேற்கே கடலின் மேல்நீர் பெரும்பாலான மாதங்களில் 28 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. அதே இடத்தில் 300 மீட்டர் கீழே போனால் 15 டிகிரிகூடத் தேறாது. வெளிச்சமும் அங்கே ஏறக்குறைய தீர்ந்துவிடும். மணலும் சிப்பித்துண்டும் கலந்த அந்தத் தரையில் கூட்டங்கூட்டமாக வாழ்கிறது ஆழ்கடல் சிங்கி இறால். அறிவியல் பெயர் பியூரூலஸ் சீவெல்லி. கரையோரப் பாறை இடுக்கில் பிடிபடும் சிங்கிக்கு உறவுதான், ஆனால் சிறியது. நன்றாக வளர்ந்தாலும் 20 செ.மீ. அளவே. கொடுக்குகள் கிடையாது. எதிரியைச் சமாளிக்க முள் நிறைந்த நீண்ட உணர்கொம்புகள்தான்.

அந்த அறிவியல் பெயருக்குப் பின்னால் ஒரு கடற்பயணம் இருக்கிறது. 1933 செப்டம்பரில் அலெக்சாண்டிரியாவிலிருந்து 'மபாஹிஸ்' என்ற எகிப்தியக் கப்பல் அரபிக்கடல் ஆய்வுக்குக் கிளம்பியது. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்த சீமோர் சீவெல் அந்தப் பயணத்தின் தலைவர். அரபிக்கடலின் நடு ஆழத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்த நீர்ப்படலம் ஒன்று பரந்து கிடப்பதும், சில பகுதிகளில் தரையில் உயிர்களே இல்லாமல் போவதும் அந்தப் பயணத்தில் தெளிவாகப் பதிவாயின. நம் சிங்கி வாழும் ஆழமோ அந்தப் படலத்தின் மேல்விளிம்பை ஒட்டியது. 1938-இல் எகிப்திய அறிஞர் ரமதான் இந்தச் சிங்கியை விவரித்து, பயணத் தலைவரின் பெயரைச் சூட்டினார்.

சிங்கி இறால் குடும்பத்தில் பல இனங்கள் ஒலி எழுப்பும். பியூரூலஸும் அந்தக் கிளையைச் சேர்ந்ததே. உணர்கொம்பின் அடியிலுள்ள மெத்தென்ற பகுதி, கண்ணுக்குக் கீழே உள்ள தடத்தின்மீது ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டி நகர்கிறது. வயலின் வில் தந்தியில் செய்வதும் இதைத்தான். பூச்சிகளைப்போல் கடினமான பாகங்களை உரசுவதில்லை என்பதால், சட்டை கழற்றிய சமயத்தில் உடல் மென்மையாக இருக்கும்போதும் இந்த ஒலியால் எதிரியை மிரட்டலாம்.

குஞ்சுப் பருவம் இன்னும் விசித்திரம். தாய் வயிற்றடியில் சுமக்கும் முட்டையிலிருந்து வருவது தட்டையான, நீளக்கால் கொண்ட, கண்ணாடிபோன்ற ஓர் உயிர். பெரியதோடு சேர்த்துப் பார்த்தால் ஒரே இனம் என்று சொல்லவே முடியாது. நீரோட்டம் இழுக்கும் திசையெல்லாம் நெடுநாள் மிதந்துவிட்டு, பிறகு சிங்கி வடிவம் பெற்றுத் தரையைத் தேடி நீந்தும். எங்கோ பொரித்தது எங்கோ குடியேறும்; ஒரு மாநிலத்துக் கடலை மட்டும் காப்பாற்றிப் பயன் இல்லை.

கேரளக் கடலில் இது இருப்பதை 1959-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். நாற்பது ஆண்டுகள் யாரும் அதிகம் சீண்டவில்லை. 1990-களின் இறுதியில் விசைப்படகுகள் ஆழ்கடல் இறாலுக்காகக் கொல்லத்துக்கு மேற்கே மடிவலை இழுக்கத் தொடங்கியபோது சிங்கியும் சேர்ந்து வந்தது. தூத்துக்குடியிலும் இறங்கியது. குளிரில் வாழ்ந்த பிராணி வெயிலில் நிலைக்காது. எனவே கரையோரச் சிங்கியைப்போல உயிரோடு விமானம் ஏறும் யோகம் இதற்கு இல்லை. வாலை மட்டும் உறையவைத்து விற்கிறார்கள்.

2003-இல் மத்திய அரசு சிங்கி ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை விதித்தது. பட்டியலில் நான்கு இனங்கள். எல்லாம் ஆழம் குறைந்த கடலைச் சேர்ந்தவை. ஆழ்கடல் சிங்கியைச் சேர்த்திருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது என்றே நினைக்கிறேன். கரைச் சிங்கி சிறியதென்றால், சினையென்றால், உயிரோடு திரும்ப விடலாம். இதுவோ படகில் ஏறும்போதே முடிந்த கதை. மடியின் கண்ணளவை அகலப்படுத்துவதும், சில திட்டுகளில் மடி இழுக்காமல் விடுவதுமே இதற்குப் பொருந்தும்.